தனித்து நின்று நிலம் அளப்போருக்கு ஏற்ற கருவிகள்

நிலத்தை நம்பி வாழும் ஊரில் வரப்பு என்பது இரு குடும்பங்களுக்கு இடையே எழுதாமல் எழுதிய உடன்படிக்கையாகும். வரப்பு ஒரு முழம் நகர்ந்துவிட்டது என்ற ஐயம் எழுந்த அன்றே அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவது நின்றுவிடும். விதைக்கும் உரத்துக்கும் எடுத்து வைத்த பணம் வழக்குக்குச் செலவாகும். அளவை அறிந்த ஒருவர் உரிய கருவிகளுடன் வந்து, இரு தரப்பாரும் பார்க்க அளந்து காட்டினால் இப்பிணக்குகளுள் பல ஒரே நாளில் தீர்ந்துவிடும். நில அளவையாளரின் தொழில் கிராமத்துக்கு எவ்வளவு அவசியமானது என்பதை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை.

தொழிற்பயிற்சி நிலையங்களில் நில அளவர் பயிற்சி பெற்ற இளைஞர்களும், பாலிடெக்னிக்கில் சிவில் படிப்பை முடித்தவர்களும் தத்தம் வட்டாரத்திலேயே இத்தொழிலைத் தனியாளாக நடத்த இன்று முன்வருகின்றனர். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தக் கருவியை வாங்குவது?" என்பதே. கடைக்காரர் ஒன்று சொல்வார். நகரத்தில் தொழில் செய்யும் நண்பர் வேறொன்று சொல்வார். கையில் உள்ள பணமோ சிறிது. கடன் வாங்கி விலை உயர்ந்த கருவியை வாங்கிவிட்டு, மாதத் தவணை கட்ட வேண்டுமே என்பதற்காக ஒரு நாளில் செய்ய வேண்டிய வேலையை அரை நாளில் முடித்துக்கொண்டு ஓடுபவர் தாமும் கெடுகிறார். பிறர் வரப்பையும் கெடுக்கிறார். ஆகவே, தனித்து இத்தொழிலைத் தொடங்குவோர் எதை முதலில் வாங்க வேண்டும், எதை வாடகைக்கு எடுக்க வேண்டும், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

எல்லையைச் சொல்வது எது?

முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். எவ்வளவு நேர்த்தியான கருவியாயினும், நாம் நிற்கும் இடத்தைத்தான் அது சொல்லும். எல்லை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. எல்லையைச் சொல்பவை மூன்று: அரசின் புலப்படம், மண்ணில் புதைந்துள்ள எல்லைக்கல், நெடுங்காலமாக ஊரார் ஒப்புக்கொண்டு வந்த அனுபவம். இம்மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதற்கே கருவி உதவுகிறது.

தமிழ்நாட்டின் புலப்படங்கள், ஒவ்வொரு புலத்தையும் மூலைக்கோடுகளால் முக்கோணங்களாகப் பிரித்து, அக்கோடுகளிலிருந்து எல்லையின் வளைவுகளுக்குச் செங்குத்தாகக் குறுக்கு அளவுகள் எடுத்து வரையப்பட்டவை. பழைய படங்களில் அளவுகள் முழு லிங்குகளில் இருக்கும். பின்னர் அளக்கப்பட்டவற்றில் மீட்டரில், பெரும்பாலும் ஒரு தசம இடம் வரை, இருக்கும். ஒரு லிங்க் என்பது ஏறத்தாழ 20 செ.மீ. ஒரு தசம இடம் என்பது 10 செ.மீ. ஆவணமே இந்த நுட்பத்தில் அமைந்திருக்க, மில்லிமீட்டரில் பேசும் கருவியைக் கொண்டு வந்துவிட்டதாலேயே எல்லை மில்லிமீட்டர் அளவில் உறுதியாகிவிடாது. காணாமற்போன கல் ஒன்றைத் தோண்டிக் கண்டுபிடிப்பது பல வேளைகளில் அதைவிடப் பெரிய பயன் தரும். இதனாலேயே கடப்பாரையையும் மண்வெட்டியையும் நில அளவையாளரின் கருவிகளுள் முதலாவதாக வைக்கலாம் என்று கூறுவோம்.

லிங்க் அளவில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. 1620-ஆம் ஆண்டையொட்டி எட்மண்ட் குண்டர் என்னும் ஆங்கிலேயர் வகுத்த சங்கிலி 66 அடி நீளமும் 100 லிங்குகளும் உடையது. அதன் ஒரு லிங்க் 20.12 செ.மீ. மெட்ரிக் முறை வந்த பின்னர் வழங்கிய 20 மீட்டர் சங்கிலியின் லிங்கோ சரியாக 20 செ.மீ. படத்தில் 500 லிங்க் என்று இருப்பதைப் பழைய சங்கிலியின்படி கணக்கிட்டால் 100.58 மீட்டர், புதிய சங்கிலியின்படி கணக்கிட்டால் 100 மீட்டர். 58 செ.மீ. வேறுபாடு! 100 மீட்டர் நீளமுள்ள நிலத்தில் இது ஏறத்தாழ ஒன்றரை சென்ட் ஆகும். பல லட்சம் ரூபாய்க் கருவியும் இத்தவற்றைக் கண்டுபிடித்துச் சொல்லாது. படத்தைப் படிக்கும் அறிவுதான் சொல்ல வேண்டும்.

வேலையைப் பார்த்துக் கருவி

ஒரு வட்டாரத்தில் தனியாளாக வேலை செய்பவரிடம் வரும் பணிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, புலப்படத்தை வைத்துக் கொண்டு எல்லையை அடையாளம் காட்டுதல். இரண்டாவது, உடன்பிறந்தார் பாகம் பிரித்துக் கொள்ளும்போது பரப்பைக் கணக்கிட்டுக் கூறுபோடுதல். மூன்றாவது, மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் கோடு போட்டுக் கொடுத்தல். நான்காவது, பண்ணைக்குட்டை, வாய்க்கால், சொட்டுநீர்க் குழாய் முதலியவற்றுக்கு மேடுபள்ளம் பார்த்தல். இந்நான்கினுள் தம் வட்டாரத்தில் எது மிகுதியாக வருகிறது என்பதை ஆறு மாதமாவது குறித்து வைத்துப் பார்த்த பின்பே பெரிய கருவிக்குப் பணம் ஒதுக்க வேண்டும். தென்னந்தோப்பு நிறைந்த ஊரின் தேவை வேறு. வெட்டவெளியாகக் கிடக்கும் கரிசல் பூமியின் தேவை வேறு. நகரத்தை ஒட்டி மனைகள் பெருகும் ஊரின் தேவை வேறு.

முதற்செலவு: சிறு கருவிகள்

முதல் பணத்தைச் சிறு கருவிகளில் செலவிட வேண்டும். 30 மீட்டர் எஃகு நாடா ஒன்று, இழைநாடா ஒன்று, சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த கம்புகள் நான்கு, தூக்குக்குண்டு இரண்டு, முளைகள், சம்மட்டி, நல்ல குறிப்பேடு ஆகியவை இவற்றுள் அடங்கும். இழைநாடா இலேசானது, ஈரத்திலும் துருப்பிடிக்காது. ஆனால் இழுக்கும் வலிமைக்கேற்ப நீளும் இயல்புடையது. ஆகவே குறுக்கு அளவுகளுக்கு அதையும், மூலைக்கோடுகளுக்கு எஃகு நாடாவையும் வைத்துக் கொள்வது முறை.

எஃகு நாடாவுக்கும் குணங்கள் உண்டு. 20 பாகை செல்சியஸில் சரிபார்த்த 30 மீட்டர் நாடா, 40 பாகை வெயிலில் ஏறத்தாழ 7 மி.மீ. நீண்டுவிடும். பத்து நாடா தூரம் அளந்தால் 7 செ.மீ. பிழை சேரும். சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கும் உண்மையே. 1802-இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தபோது, தம் 100 அடிச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்துக் கொண்டே அளந்தார். நம்மால் அவ்வளவு செய்ய இயலாவிடினும், முக்கியமான நீளங்களைக் காலை வேளையில் அளக்கலாம் அல்லவா? சரிவையும் கவனிக்க வேண்டும். நாடாவின் ஒரு முனை மறுமுனையைவிட 2 மீட்டர் உயர்ந்திருந்தால், 30 மீட்டர் என்று காட்டுவது கிடைமட்டத்தில் 29.93 மீட்டரே. இதைத் தவிர்க்கத்தான் தூக்குக்குண்டு. நாடாவைக் கிடைமட்டமாகப் பிடித்து, சிறு சிறு படிகளாக இறங்கி அளப்பது பழைய வழக்கம். இன்றும் அது பொய்த்துப் போகவில்லை.

நாடா ஒன்றை வைத்துக் கொண்டே பரப்பைச் சரியாகக் காண முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். நான்கு பக்கமும் 30 மீட்டர் உள்ள நிலம் ஒன்று இருக்கிறது. எதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கும் வழக்கப்படி அதன் பரப்பு 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்டுக்குச் சற்று மேல். ஆனால் அந்நிலம் சதுரமாக இல்லாமல், ஒரு மூலை 60 பாகையாகச் சாய்ந்திருந்தால் உண்மைப் பரப்பு 779 சதுர மீட்டரே. ஏறத்தாழ 3 சென்ட் இல்லாத நிலத்துக்குப் பணம் கொடுக்க நேரும். மூலைக்கு மூலை ஒரு முறை நாடாவைப் பிடித்திருந்தால் இது வெளிப்பட்டிருக்கும். நான்கு பக்கம் மட்டும் அளந்து பரப்புச் சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம் என்று விவசாயப் பெருமக்களுக்கும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

மட்டம் பார்க்கும் கருவி

அடுத்து வாங்கத்தக்கது ஆட்டோ லெவல் என்னும் மட்டக்கருவி. பெரிய கருவிகளோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகக் குறைவு. கிராமத்தில் இதற்கு வேலை மிகுதி. வாய்க்கால் ஒன்று 1,000 மீட்டருக்கு 1 மீட்டர் சரிய வேண்டும் என்றால், 100 மீட்டருக்கு 10 செ.மீ. மட்டுமே சரியலாம். செயற்கைக்கோள் கருவி உயரத்தில் 2 அல்லது 3 செ.மீ. பிறழ்ந்தால் அந்தச் சரிவில் கால் பங்கு பிழையாகிவிடும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறாது. மட்டக்கருவியோ இத்தூரத்தில் சில மில்லிமீட்டருக்குள் சொல்லும்.

இக்கருவியைத் தாமே சோதிக்கும் வழியை ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும். 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகள் அடித்து, சரிபாதியில் கருவியை நிறுத்தி இரண்டின் மேலும் மட்டக்கோலை வைத்துப் படித்தால், கருவி பழுதாக இருப்பினும் உயர வேறுபாடு சரியாகவே கிடைக்கும். இருபுறமும் பிழை சமமாக இருப்பதால் ஒன்றையொன்று நீக்கிவிடும். பிறகு கருவியை ஒரு முளைக்கு அருகே கொண்டு வந்து மீண்டும் படிக்க வேண்டும். இரண்டு வேறுபாடுகளும் ஒத்திருந்தால் கருவி நல்லது. ஒவ்வாவிடில் பழுதுபார்க்க அனுப்ப வேண்டும். பழைய கருவி வாங்குவோர் இச்சோதனையை முடித்த பின்பே பணத்தை எண்ணிக் கொடுப்பது நலம்.

டோட்டல் ஸ்டேஷன்

கோணத்தையும் தூரத்தையும் ஒருங்கே அளந்து, கணக்கையும் தானே போட்டு வைத்துக் கொள்ளும் கருவி டோட்டல் ஸ்டேஷன். இது தியோடலைட்டின் பேரன் என்று சொல்லலாம். விளம்பரங்களில் 1 விகலை, 2 விகலை, 5 விகலை என்று கோண நுட்பத்தைப் போட்டிருப்பார்கள். எண் குறையக் குறைய விலை ஏறும். ஆனால் 5 விகலைப் பிழை 200 மீட்டர் தூரத்தில் வெறும் 5 மி.மீ. தான். கிராம வேலைக்கு 5 விகலைக் கருவியே தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தை உறுதியான முக்காலிக்கும் நல்ல பிரிசத்துக்கும் செலவிடுவது அறிவுடைமை. பிரிசம் வைத்த 2 மீட்டர்க் கோல் ஒரு பாகை சாய்ந்தால் அதன் உச்சி 35 மி.மீ. நகர்ந்துவிடும். அதாவது, கோலில் உள்ள ரசமட்டக் குமிழி கெட்டிருந்தால், கருவியின் விகலைப் பிழையைப் போல் ஏழு மடங்கு தவறு நேரும். பெரிய பணம் கொடுத்து வாங்கிய நுட்பத்தைச் சிறிய குமிழி விழுங்கிவிடும்.

பிரிசத்துக்கு உரிய மாறிலி எண் என்று ஒன்று உண்டு. அதைக் கருவியில் தவறாக இட்டால் ஒவ்வொரு தூரத்திலும் 30 மி.மீ. போன்ற ஒரே அளவான பிழை நுழைந்துவிடும். இதைச் சோதிப்பது எளிது. ஒரே நேர்கோட்டில் மூன்று முளைகள் அடித்து, முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பின்னர் இரண்டு துண்டுகளாக அளந்து கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஒவ்வாவிடில் மாறிலியில் தவறு இருக்கிறது.

இக்கருவியின் பெரிய நன்மை, வானம் தெரியாத இடத்திலும் வேலை செய்வது. தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், ஊருக்குள் நெருங்கிய வீடுகள் ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது. இதன் குறை, எதிரே உள்ள புள்ளி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும், பொதுவாக இரண்டாவது ஆள் வேண்டும் என்பதும் ஆகும்.

செயற்கைக்கோள் கருவி

வெட்டவெளியில் தனியாளுக்குப் பெருந்துணை செய்வது செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் கொண்டு இடங்காட்டும் கருவி. கைப்பேசியிலும் இத்தகைய வசதி உண்டெனினும் அது சில மீட்டர் வரை தவறும். வழி காட்ட உதவும், வரப்புக் காட்ட உதவாது. நில அளவைக்குரிய ஆர்.டி.கே. முறையில், இடம் அறிந்த ஒரு நிலையத்திலிருந்து திருத்தங்களைப் பெற்று, நல்ல சூழ்நிலையில் 1 முதல் 2 செ.மீ. நுட்பத்தில் இடத்தைக் காணலாம். இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் நிறுவியுள்ள நிலையான நிலையங்களிலிருந்து கைப்பேசி இணைப்பு வழியே திருத்தம் பெற முடிவதால், முன்போல் இரண்டு கருவிகள் வாங்க வேண்டிய அவசியம் குறைந்துள்ளது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இந்தியர் நிலப்படத் தரவுகளைச் சேகரிப்பதில் முன்பிருந்த பல தடைகளை நீக்கின.

எனினும் மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, மர நிழலிலும், தகரக் கூரைக்கும் உயர்ந்த சுவருக்கும் அருகிலும் இக்கருவி தடுமாறும். தடுமாறுவதை ஒளிக்கவும் செய்யும். ஒரே புள்ளியைக் காலையிலும் பிற்பகலிலும் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பதே மருந்து. கைப்பேசிச் சமிக்ஞை எட்டாத மலையடிவார ஊர்களில் திருத்தமும் கிட்டாது.

இரண்டாவது, கருவி காட்டும் ஆயத்தொலைகளிலிருந்து கணக்கிடும் நீளமும் தரையில் நாடா காட்டும் நீளமும் ஒன்றல்ல. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிப்பதால் வரும் வேறுபாடு இது. பொதுவாக வழங்கும் யு.டி.எம். முறையின் 44-ஆம் மண்டலத்தில், சென்னைப் பக்கம் 100 மீட்டர் 99.97 மீட்டராகவும், மண்டலத்தின் மேற்கு ஓரமாகிய மதுரைப் பக்கம் 100.08 மீட்டராகவும் தெரியும். இதைத் திருத்தாமல் கல் நட்டால், மதுரைப் பக்கத்து விவசாயி ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 8 செ.மீ. இழப்பார்.

மூன்றாவது, இக்கருவி நேராகக் காட்டும் உயரம் கடல் மட்டத்திலிருந்து எண்ணும் உயரம் அன்று. தமிழ்நாட்டில் இவ்விரண்டுக்கும் 80 முதல் 100 மீட்டர் வரை வேறுபாடு உண்டு. இதை அறியாமல் நீர்ப்பாசன வேலைக்கு உயரம் எழுதித் தருவது ஆபத்து.

ஆளில்லா விமானம் கொண்டு படமெடுத்து அளக்கும் முறையும் பரவி வருகிறது. ஊர்முழுதும் அளக்கும் பெரிய பணிகளுக்கு அது ஏற்றது. தனியாள் தொழிலின் தொடக்கத்தில் அதற்குப் பணம் முடக்குவதை நாம் பரிந்துரைக்கவில்லை.

தனியாளா, துணையாளா?

தானே திரும்பிப் பிரிசத்தைத் தேடிக் கொள்ளும் ரோபோ வகை டோட்டல் ஸ்டேஷன்கள் இன்று உள்ளன. கோலை ஏந்தியவரே கருவியையும் இயக்கலாம். ஆள் கூலி மிச்சம் என்று சொல்லி இதை விற்பார்கள். கூலி உயர்ந்த நாடுகளில் இக்கணக்கு எளிதில் ஒத்துவரும். நம் கிராமங்களில் நிலை வேறு. துணைக்கு வரும் உள்ளூர் இளைஞர் கோல் பிடிப்பதோடு நிற்பதில்லை. முள்ளை வெட்டி வழி செய்கிறார். எந்தக் கல் எந்த வேலிக்குள் மறைந்திருக்கிறது என்று அறிந்த பெரியவரை அழைத்து வருகிறார். சாலையோரத்தில் நிற்கும் கருவியை மாடு முட்டாமலும் வண்டி இடிக்காமலும் காக்கிறார். இவ்வளவையும் செய்யும் கருவி இன்னும் வரவில்லை. ஆகவே தனியாள் தொழில் என்பதற்குத் தனியாள் பொறுப்பு என்று பொருள் கொண்டு, வேலை நாளில் ஒரு துணையாளுக்குக் கூலி கொடுப்பதே தொடக்கத்தில் சிக்கனமாகும்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

இக்கேள்விக்கு ஆசையைக் கேட்டு விடை காணக்கூடாது. கணக்கைக் கேட்க வேண்டும். எளிமைக்காகச் சில எண்களை வைத்துக் கொள்வோம். ஒரு கருவியின் விலை 4,00,000 ரூபாய். ஐந்து ஆண்டுக்குப் பின் அதை 1,00,000 ரூபாய்க்கு விற்கலாம். ஆண்டுக்குத் தேய்மானம் 60,000 ரூபாய். வட்டி சராசரியாக 30,000 ரூபாய். சரிபார்க்கவும் பழுது நீக்கவும் 10,000 ரூபாய். ஆக, ஆண்டுச் செலவு 1,00,000 ரூபாய். அதே கருவிக்கு நாள் வாடகை 1,500 ரூபாய் என்றால், ஆண்டில் 67 நாளுக்குக் குறைவாக அதைப் பயன்படுத்துவோருக்கு வாடகையே இலாபம். அவரவர் ஊரில் வழங்கும் விலையையும் வாடகையையும் இக்கணக்கில் இட்டுப் பார்த்துக் கொள்க. மழைக்காலத்திலும், பயிர் நிற்கும் மாதங்களிலும் வேலை குறையும் என்பதையும் மறக்கலாகாது. தவணைக்கு மழைக்காலம் தெரியாது.

வாடகையில் மற்றொரு நன்மையும் உண்டு. பல நிறுவனங்களின் கருவிகளை வேலையில் வைத்துப் பழகிய பின், எது கைக்கு ஏற்றது, எதற்குப் பழுதுநீக்கும் நிலையம் அருகில் இருக்கிறது, எதன் மின்கலம் மாலை வரை தாங்குகிறது என்பவை அனுபவத்தில் தெரிந்துவிடும். கருவி பழுதாகிப் பல வாரம் வெளியூரில் கிடந்தால், தனியாளின் அடுப்பும் அத்தனை வாரம் அணைந்து கிடக்கும். ஆகையால், விலையைக் கேட்கும்போதே பழுதுநீக்கும் இடத்தையும் கேட்க வேண்டும்.

பேணிக் காத்தல்

லாம்டனின் பெரிய தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, கோணம் அளக்கும் வட்டமே கோணிவிட்டது. அவர் மனம் தளரவில்லை. பல வாரங்கள் அமர்ந்து, வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டு வந்து, அதைக் கொண்டே மேலும் பல ஆண்டுகள் அளந்தார். தம் கருவியின் உள்ளமைப்பை நன்கு அறிந்திருந்ததாலேயே அது அவருக்கு இயன்றது.

இன்றைய மின்னணுக் கருவிகளை நாம் பிரித்துச் சரிசெய்ய முடியாது. ஆயின் அவை தவறுகின்றன என்பதைக் கண்டுபிடிக்க முடியும். அதுவே நம் கடமை. ஊரில் தம் வீட்டருகே அசையாத இரண்டு குறிகளை அமைத்து, அவற்றின் இடைவெளியை எஃகு நாடாவால் பலமுறை அளந்து வைத்துக் கொள்க. மாதம் ஒருமுறை ஒவ்வொரு கருவியையும் அதில் சோதித்து, நாளும் அளவும் குறிப்பேட்டில் எழுதுக. இருசக்கர வண்டியில் கருவியைப் பெட்டியின்றி எடுத்துச் செல்லலாகாது. மழையில் நனைந்த கருவியைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் காற்றாட உலர்த்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சோதனைச் சான்று பெற்று வைப்பது, வழக்கு நேர்ந்தால் துணை நிற்கும்.

பொறுப்பின் எல்லை

நிலத்தின் எல்லையை அறுதியிட்டுக் கல் நடும் அதிகாரம், 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அரசுக்கு உரியது. தனியார் அளவையாளர் அளந்து காட்டுவது, உரிமையாளர் தம் நிலையைத் தெரிந்துகொள்ளவும், அண்டையார் இணங்கிப் போகவும் உதவுமேயன்றி, அரசின் அளவைக்கு மாற்றாகாது. இதை வேலை தொடங்கும் முன்பே உரிமையாளரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். இயன்றவரை அண்டை நிலத்தாரையும் அழைத்து, அவர் கண் முன்னே அளக்க வேண்டும். கல் கிடைத்ததா, கிடைக்கவில்லையா, எந்தக் கல்லை ஆதாரமாகக் கொண்டு அளந்தோம், புறப்பட்ட கல்லுக்கே திரும்பி வந்து சேர்ந்தபோது எவ்வளவு வேறுபட்டது என்ற நான்கையும் வரைபடத்திலேயே எழுதித் தர வேண்டும். ஐயம் இருக்குமாயின் ஐயம் என்றே எழுத வேண்டும். கூலி கொடுத்தவருக்குச் சாதகமாக ஒரு முழம் நகர்த்தும் அளவையாளரின் பெயர் அடுத்த சந்தை நாளுக்குள் ஊரெல்லாம் பரவிவிடும்.

சுருங்கக் கூறின், தொடங்குவோர் நாடாவும் கம்பும் கடப்பாரையும் கொண்டு தொடங்குக. அடுத்து மட்டக்கருவியை வாங்குக. பெரிய கருவிகளை வாடகைக்கு எடுத்துப் பழகி, வேலை நாட்களின் கணக்கு இடம் கொடுக்கும்போது, தோப்பு மிகுந்த ஊராயின் டோட்டல் ஸ்டேஷனையும், வெட்டவெளி மிகுந்த ஊராயின் செயற்கைக்கோள் கருவியையும் தேர்ந்தெடுக்க. எந்த நிலையிலும் ஒரு கருவியின் சொல்லை மற்றொன்றால் சரிபார்க்கும் வழக்கத்தைக் கைவிடாதிருக்க. இவ்வாறு நடப்பவரின் வருவாய் மெதுவாகவே உயரலாம். ஆனால் அவர் காட்டிய இடத்தில் இட்ட வரப்பு, அடுத்த தலைமுறையிலும் அண்ணன் தம்பியர் நின்று பேசிக்கொள்ளும் வரப்பாக இருக்கும்.